மூடிய கார், சுடும் வெயில்

1. நமக்கு எதற்கு இந்தப் பாடம்?

"நம்மிடம் கார் இல்லையே. நமக்கு எதற்கு இந்தப் பாடம்?" என்று வகுப்பில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

நம்மில் பலரிடம் கார் இல்லை. ஆனால் கார் நிற்காத தெரு இன்று எங்கே இருக்கிறது? முதலாளி வீட்டு வாசலில் கார் நிற்கிறது. தோட்டத்து ஓரத்தில் நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் வரிசையாக நிற்கிறது. பழுதான கார் ஒன்று மரத்தடியில் பல மாதமாகக் கிடக்கிறது. அங்கெல்லாம் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

நம்மில் சிலர் கார் ஓட்டுகிறோம். சிலர் பள்ளி வேனில் ஆயாவாகப் போகிறோம். சிலர் காவல் வேலை பார்க்கிறோம். சிலர் பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம்.

கார் யாருடையதாகவும் இருக்கலாம். உள்ளே மாட்டிக்கொள்வது நம் பிள்ளையாக இருக்கலாம். அதனால்தான் இந்தப் பாடம்.

2. நடந்த செய்திகள்

நம் நாட்டில் நடந்த நான்கு செய்திகளைப் படிப்போம். படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் படிப்போம்.

குஜராத் மாநிலம், அம்ரேலி மாவட்டம். 2024 நவம்பர் மாதம். மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் அங்கே தோட்ட வேலை செய்தது. தாயும் தந்தையும் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் விளையாடினார்கள். தோட்டத்து உரிமையாளரின் கார் பக்கத்தில் நின்றது. நான்கு பிள்ளைகள் அதற்குள் ஏறினார்கள். கதவு பூட்டிக்கொண்டது. மாலையில் பெற்றோர் திரும்பி வந்தார்கள். நான்கு பிள்ளைகளும் இறந்துகிடந்தார்கள். நால்வரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நால்வருக்கும் 7 வயதுக்கு மேல் இல்லை.

ஆந்திரப் பிரதேசம், விஜயநகரம் மாவட்டம், துவாரபூடி கிராமம். 2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. விளையாடப் போன நான்கு சிறு பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. பல மணி நேரம் தேடினார்கள். கடைசியில் ஊரில் நின்ற ஒரு காருக்குள் அவர்களைக் கண்டார்கள். நால்வரும் பிழைக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 2022 ஜூன் மாதம், திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்கு அருகில். நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் இறந்தார்கள்.

நான்காவது செய்தி வேறு மாதிரி. ராஜஸ்தான், கோட்டா மாவட்டம். 2024 மே மாதம். ஒரு குடும்பம் காரில் திருமணத்துக்குப் போனது. தாயும் மூத்த மகளும் முதலில் இறங்கினார்கள். தந்தை காரை நிறுத்தப் போனார். சின்ன மகளும் தாயோடு இறங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தார். சின்னவள் தந்தையோடு இருக்கிறாள் என்று தாய் நினைத்தார். காரைப் பூட்டிவிட்டு வந்து உறவினரோடு பேசிக்கொண்டிருந்தார் தந்தை. பிறகு தாயும் தந்தையும் சந்தித்தார்கள். "குழந்தை எங்கே?" என்று அப்போதுதான் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். 3 வயதுக் குழந்தை காருக்குள்ளேயே இறந்துவிட்டது.

இந்தப் பெற்றோர் யாருக்கும் பிள்ளை மீது பாசம் குறைவில்லை. பாசம் இருந்தால் மட்டும் போதாது. கார் என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். சில பழக்கங்களும் வேண்டும்.

3. கார் எப்படி அடுப்பு ஆகிறது?

காரைச் சுற்றிலும் கண்ணாடி. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. இருக்கை, ஸ்டீயரிங், முன்பலகை எல்லாவற்றிலும் படுகிறது. அவை சூடாகின்றன. அந்தச் சூடு உள்ளே இருக்கும் காற்றில் ஏறுகிறது. கதவும் கண்ணாடியும் மூடி இருப்பதால் சூடான காற்று வெளியே போக முடியாது. உள்ளேயே சுற்றிச் சுற்றி மேலும் சூடாகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவிக் காயவையுங்கள். உள்ளே ஒரு கறுப்புத் துணியைப் போடுங்கள். இறுக மூடி வெயிலில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்து விரலை உள்ளே விடுங்கள். காரும் இப்படித்தான் சூடாகிறது.

எவ்வளவு சூடாகும்? அளந்து பார்த்திருக்கிறார்கள். வெளியே வெயில் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மூடிய காருக்குள் ஏறும் சூடு இது:

10 நிமிடத்தில் — சுமார் 45 டிகிரி
20 நிமிடத்தில் — சுமார் 51 டிகிரி
30 நிமிடத்தில் — சுமார் 54 டிகிரி
1 மணி நேரத்தில் — சுமார் 59 டிகிரி

இந்தக் கணக்கை நன்றாகப் பாருங்கள். முதல் 10 நிமிடத்திலேயே 10 டிகிரி ஏறிவிடுகிறது. ஏறுகிற சூட்டில் பெரும் பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. "சீக்கிரம் வந்துவிடுவேன்" என்று நாம் சொல்கிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

வகுப்பில் சில கேள்விகள் வந்தன. மூன்றைப் பார்ப்போம்.

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதாதா?"
போதாது. இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தாலும் உள்ளே ஏறும் சூடு பெரிதாகக் குறைவதில்லை.

"கோடையில்தானே இந்தப் பயம்?"
இல்லை. வெளியே 24 டிகிரி மட்டும் இருக்கும் இதமான நாளிலும் காருக்குள் அரை மணியில் 43 டிகிரி ஆகிவிடும். அம்ரேலியில் அந்த நான்கு பிள்ளைகள் இறந்தது நவம்பரில்.

"நிழலில் நிறுத்தினால்?"
சூடு சற்று மெதுவாக ஏறும். ஆனால் ஏறும். நிழலும் இடம் மாறும். காலையில் நிழல் இருந்த இடத்தில் மதியம் வெயில் இருக்கும்.

4. மூச்சுத் திணறலா, வெப்பமா?

செய்தித்தாளில் "காருக்குள் மூச்சுத் திணறிக் குழந்தைகள் பலி" என்று போடுவார்கள். அதைப் படிப்பவர்கள், "கொஞ்சம் காற்று இருந்தால் போதும்" என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. காரில் சிறு சிறு இடுக்குகள் உண்டு. உள்ளே காற்று தீருவதற்கு முன்பே வெப்பம் உயிரை எடுத்துவிடும்.

நம் உடலின் சூடு 37 டிகிரி. வீட்டில் பார்க்கும் தெர்மாமீட்டரில் அது 98.6 என்று காட்டும். வெளியே சூடு கூடினால் நமக்கு வியர்க்கும். வியர்வை காயும்போது உடல் குளிரும். ஆனால் மூடிய காருக்குள் அந்த வேலை சரியாக நடக்காது. உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். 40 டிகிரியைத் தாண்டினால், அதாவது 104-ஐத் தாண்டினால், மூளை தடுமாறும். வலிப்பு வரலாம். நினைவு தப்பும். சிறுநீரகம், ஈரல், இதயம் எல்லாம் கெடத் தொடங்கும். இதை வெப்பத் தாக்கு என்கிறோம். 42 டிகிரியை நெருங்கினால் உயிர் போகலாம்.

குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகிறது. சிறிய பாத்திரத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் அல்லவா? அது போல. குழந்தைக்கு வியர்வையும் குறைவு. பெல்ட்டைக் கழற்றத் தெரியாது. கதவைத் திறக்கத் தெரியாது. என்ன நடக்கிறது என்று சொல்லவும் தெரியாது.

5. உள்ளே போன பிள்ளை ஏன் வெளியே வருவதில்லை?

ஏறுவது எளிது. பூட்டாத கதவை இழுத்தால் திறக்கும். இறங்குவதுதான் கடினம்.

பல கார்களில் பின் கதவில் 'சைல்டு லாக்' என்று ஒரு பூட்டு உண்டு. ஓடும் காரில் குழந்தை கதவைத் திறந்து விழாமல் இருக்க அதை வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டிருந்தால் பின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. சில கார்களில் கதவு பூட்டிக்கொண்டால் கைப்பிடியை இரண்டு முறை இழுக்க வேண்டும். பிள்ளைக்கு இது தெரியாது. பயத்தில் அழும். கண்ணாடி மூடி இருப்பதால் அழுகை வெளியே கேட்காது. கறுப்புக் கண்ணாடியாக இருந்தால் உள்ளே இருப்பது யார் கண்ணிலும் படாது.

டிக்கி இன்னும் மோசம். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் அதற்குள் போய் மூடிக்கொள்வார்கள்.

6. பெற்றவர்களே மறப்பார்களா?

"பெற்ற பிள்ளையை யாராவது மறப்பார்களா?" என்று நாம் கேட்போம். மறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்தக் கணக்கை எழுதி வைக்கிறார்கள். அங்கே 1998 முதல் இன்று வரை 1,000 குழந்தைகளுக்கு மேல் சூடான வண்டிக்குள் இறந்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பெரியவர்கள் மறந்துவிட்டுப் போன குழந்தைகள். சுமார் கால் பங்கு, தாமாக ஏறி மாட்டிக்கொண்ட குழந்தைகள்.

எப்படி மறக்கிறார்கள்? தினமும் செய்யும் வேலையை நம் கையும் காலும் யோசிக்காமல் செய்யும். தினமும் வேலைக்குப் போகிற பாதையில் வண்டி தானாகப் போகும். ஒரு நாள் மட்டும் வழக்கம் மாறுகிறது. இன்று தந்தை குழந்தையைக் கொண்டுவிட வேண்டும். குழந்தை பின் இருக்கையில் தூங்குகிறது. சத்தம் இல்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. மனதில் ஆயிரம் கவலை. வண்டி நேராக வேலை இடத்துக்குப் போய்விடுகிறது. "குழந்தையை விட்டாயிற்று" என்றே மனம் நம்பிவிடுகிறது.

இது யாருக்கும் வரலாம். "நான் மறக்க மாட்டேன்" என்ற நம்பிக்கையை விட, மறந்தாலும் காப்பாற்றும் பழக்கம் நல்லது.

7. எட்டுப் பழக்கங்கள்

ஒன்று. நிற்கும் காரைப் பூட்டுங்கள். சொந்த வாசலில் நின்றாலும் பூட்டுங்கள். டிக்கியையும் மூடுங்கள். சாவியைப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். உங்கள் முதலாளியின் காராக இருந்தால், "ஐயா, பிள்ளைகள் விளையாடுகிற இடம். பூட்டி வையுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டு. பூட்டுவதற்கு முன் பின் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். குழந்தை வராத நாளிலும் பாருங்கள். தினமும் பார்த்தால்தான் பழக்கமாகும்.

மூன்று. குழந்தையோடு போகும்போது, இறங்கியதும் கட்டாயம் தேவைப்படும் ஒரு பொருளைப் பின் இருக்கையில் வையுங்கள். பை, செல்போன், சாப்பாட்டுத் தூக்கு எதுவானாலும் சரி. அதை எடுக்கத் திரும்பும்போது குழந்தை கண்ணில் படும்.

நான்கு. கூட்டமாகப் போகும்போது வாய்விட்டுக் கேளுங்கள். "பாப்பா யார் கையில்?" "என் கையில்" என்று பதில் வர வேண்டும். பதில் வராமல் யாரும் நகரக் கூடாது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, சந்தை ஆகிய இடங்களில் இது மிக முக்கியம். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கும் இடத்தில் யாருமே பார்ப்பதில்லை.

ஐந்து. "ஐந்து நிமிடம்தான்" என்று குழந்தையை காரில் விட்டுப் போகாதீர்கள். தூங்கினாலும் தூக்கிக்கொண்டு போங்கள். ஏ.சி. ஓடுகிறது என்றும் விடாதீர்கள். இன்ஜின் நின்றால் ஏ.சி. நின்றுவிடும். குழந்தை கியரைத் தொட்டால் வண்டி நகர்ந்துவிடும்.

ஆறு. பள்ளி வேனில் வேலை செய்பவர்கள் ஏறும்போது எண்ணுங்கள். இறங்கும்போதும் எண்ணுங்கள். எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி இருக்கை வரை நடந்துபோய், இருக்கைக்குக் கீழும் பாருங்கள். அதன் பிறகே கதவை மூடுங்கள். 2022 செப்டம்பரில் கத்தார் நாட்டில், கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த 4 வயதுக் குழந்தை பள்ளி பஸ்ஸில் தூங்கிவிட்டது. கவனிக்காமல் பஸ்ஸைப் பூட்டிவிட்டார்கள். வெயிலில் அந்தக் குழந்தை இறந்தது. கடைசி இருக்கை வரை நடந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஏழு. குழந்தை வரவில்லை என்றால் வீட்டுக்குச் சொல்லும்படி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் போன் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

எட்டு. பிள்ளையைக் காணவில்லை என்றால் கிணறு, தண்ணீர்த் தொட்டி, குட்டை ஆகியவற்றை உடனே பாருங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு காரையும் பார்க்கட்டும். டிக்கியையும் திறந்து பார்க்கட்டும். பழைய, ஓடாத காரையும் விடக் கூடாது.

8. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்

"கார் விளையாடும் இடம் இல்லை" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். பின் கதவு திறக்காவிட்டால் முன் இருக்கைக்குத் தாவ வேண்டும். முன் கதவின் கைப்பிடியை இரண்டு முறை இழுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஹார்னை விடாமல் அழுத்த வேண்டும். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலும் ஹார்ன் அடிக்கும். தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டு, நின்ற காரில் கதவைத் திறந்து வைத்தபடி, பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை செய்தது பிள்ளைக்கு மறக்காது.

9. காருக்குள் குழந்தையைக் கண்டால்

நீங்கள் சாலையில் போகிறீர்கள். மூடிய காருக்குள் குழந்தை தனியாக இருக்கிறது. "யாரோ வருவார்கள்" என்று போய்விடாதீர்கள்.

முதலில் நான்கு கதவையும் இழுத்துப் பாருங்கள். கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒருவர் கார்க்காரரைத் தேடட்டும். ஒருவர் 112-க்குப் போன் செய்யட்டும். அது அவசர உதவி எண். ஆம்புலன்சுக்கு 108. ஒருவர் குழந்தையின் அருகிலேயே நிற்கட்டும்.

குழந்தை அசையாமல் கிடந்தால், கூப்பிட்டும் பதில் இல்லாவிட்டால், காத்திருக்கக் கூடாது. கண்ணாடியை உடைக்க வேண்டும். முன் கண்ணாடியை உடைக்க முயலாதீர்கள். அது இரண்டு அடுக்காக ஒட்டியது. எளிதில் விலகாது. குழந்தைக்குத் தூரத்தில் உள்ள பக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். கையில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கூரான கல்லாலோ இரும்புக் கம்பியாலோ கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடியுங்கள். நடுவில் அடித்தால் எளிதில் உடையாது.

"பெரிய மனிதரின் கார். உடைத்தால் நம்மைச் சும்மா விடுவார்களா?" என்ற பயம் வரும். அந்தப் பயத்தில் கை கட்டி நின்றால் ஓர் உயிர் போய்விடும். சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கெட்ட எண்ணம் இல்லாமல், பெரிய தீங்கைத் தடுப்பதற்காக, நல்ல நோக்கத்தோடு செய்யும் சேதம் குற்றம் ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. இதற்கு முன் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும் 81-ஆம் பிரிவாக இது இருந்தது. பக்கத்தில் இருப்பவர்களைச் சாட்சி வைத்துக்கொண்டு உடையுங்கள். முதலில் 112-க்குச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

10. முதலுதவி

குழந்தையை நிழலுக்குத் தூக்கி வாருங்கள். உடையைக் கழற்றுங்கள். உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். ஈரத் துணியால் துடைத்து, முறத்தாலோ அட்டையாலோ விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள்.

நினைவு இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல. அந்த மாத்திரையால் பயன் இல்லை.

ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். வண்டியில் போகும்போதும் ஈரத் துணி வைத்து விசிறிக்கொண்டே போங்கள். குழந்தை கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உள் உறுப்புகளின் சேதம் வெளியே தெரியாது.

பேசுவோம்

1. உங்கள் தெருவில் நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் கார்கள் எத்தனை? அவற்றில் பூட்டாமல் நிற்பவை எவை?
2. ஓடாத பழைய கார் இருக்கிறதா? அது யாருடையது? அதைப் பூட்டவோ அகற்றவோ யாரிடம் பேச வேண்டும்?
3. வேலைக்குப் போகும் நேரத்தில் நம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இதற்கு ஊராக என்ன ஏற்பாடு செய்யலாம்?

எழுதுவோம்

1. வெளியே 35 டிகிரி வெயில். மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் எத்தனை டிகிரி?
2. நினைவு இல்லாத குழந்தைக்கு ஏன் தண்ணீர் கொடுக்கக் கூடாது?
3. இந்த எண்களை வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: 112, 108.

செய்வோம்

இந்த வாரம் வகுப்பு முடிந்ததும் நான்கு நான்கு பேராகத் தெருவைச் சுற்றி வருவோம். பூட்டாத கார் இருந்தால் உரிமையாளரிடம் மரியாதையாகச் சொல்வோம். அவருக்குப் படிக்க இந்தப் பாடத்தையும் கொடுப்போம்.